நான்காம் மாடித் தாளில் என் கோடுகள்

மார்ச் 2, திங்கள்

மூத்த பேரன் பாலம் கட்டும் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறான். அவன் கையெழுத்து இல்லாமல் ஒரு தூண் எழும்பாது. அவன் தங்கை பல் டாக்டர். பிள்ளைகள்கூட அழாமல் அவளிடம் வாயைத் திறக்கிறார்களாம். மகள் வீட்டுப் பேரன் நீச்சலில் வெள்ளிப் பதக்கம். தங்கம் வாங்கியவனுக்கும் இவனுக்கும் கண் இமைக்கிற நேரம்தான் வித்தியாசம். அவன் தங்கை, எங்கள் கடைக்குட்டி — படிக்கிறாள்.

இதையெல்லாம் இன்று லிஃப்ட் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். "நல்ல குடும்பம்மா" என்று சொல்லிக்கொண்டே கதவில் ஒரு தாளை ஒட்டினார். அவர் போன பிறகுதான் படித்தேன். லிஃப்ட்டை மாற்றுகிறார்கள். மூன்று மாதம் ஓடாது.

நான் இருப்பது ஆறாம் மாடி.

மார்ச் 3

இறங்கினேன், ஏறினேன். நூற்றெட்டுப் படி. நாலாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு அடங்க நேரமானது.

மார்ச் 4

என் பெரிய மகன் ஃபோன் செய்தான். அவனுக்கு யார் சொன்னார்களோ.

"மூணு மாசம்தானேம்மா, இங்க வந்துடு. இருபத்திநாலாம் தேதி நானே வந்து கூட்டிட்டுப் போறேன். வீட்டை சும்மா பூட்டி வைப்பானேன், யாருக்காவது வாடகைக்கு விட்டுடலாம்."

மூன்று மாதத்துக்கு யார் வாடகைக்கு வருவார்கள்? எதிர்வீட்டு அம்மாளும் மகள் வீட்டுக்கு ஒரு மாதம் என்றுதான் போனார். ஆறு வருடம் ஆகிறது. இப்போது அந்த வீட்டில் யாரோ மேளம் வாசிக்கிறார்.

"படி ஏற முடியுது, நான் எதுக்கு வரணும்?" என்றேன்.

"சரி, வந்து பார்க்கிறேன். முடியலேன்னா கிளம்பணும். பேச்சு மாறக் கூடாது."

சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

மார்ச் 6, வெள்ளி

குடியிருப்போர் சங்கக் கூட்டம். படிக்கட்டு குறுகல் என்பதால் தீயணைப்புக்காரர்கள் ஒரே ஒரு பெஞ்சுக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எந்த மாடியில் போடுவது? செயலாளர் வீட்டுக்கு வீடு சீட்டு கொடுத்துக் கேட்டார். ஆளாளுக்குத் தங்கள் வாசலை எழுதிக் கொடுத்தார்கள். (நான் நாலு என்று எழுதினேன். அது வாசல் இல்லை, தேவை.) எல்லாவற்றையும் கூட்டி, வகுத்து, கால்குலேட்டரைத் தூக்கிக் காட்டினார்.

"சராசரி மூணு புள்ளி நாலு!"

"அந்த மாடி எங்கப்பா இருக்கு?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் படி திரும்புகிற மூலைதான் இருக்கிறது. அங்கே ஒரு முக்காலிகூட நிற்காது.

செயலாளருக்குக் கோபம். "அப்போ நீங்களே கணக்குப் போட்டுக் குடுங்கம்மா."

கொடுத்தால் போச்சு. அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் கணக்கில் என்னை யாரும் முந்தியதில்லை.

நாலில் ஒரு பெஞ்ச் இருந்தால் நான் இந்த வீட்டிலேயே இருந்துவிடுவேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மார்ச் 7

ஜம்பமாக வந்துவிட்டேன், எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. கடைக்குட்டியைக் கூப்பிட்டேன். அவள் போன தடவை தேறாமல் போனது இந்தப் புள்ளியியல் பாடத்தில்தான். திரும்ப எழுதப் போகிறாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை, நானும்தான்.

"பாட்டி, போன வாரம் எனக்கு எத்தனை தடவை ஃபோன் பண்ணினே?"

"தினம் ஒரு தடவை."

"நான் எடுக்காத அன்னிக்கு?"

அன்று மட்டும் பதினைந்து தடவை. பயந்துவிட்டேன், வேறென்ன.

"ஆறு நாள் ஒண்ணொண்ணு, ஒரு நாள் பதினஞ்சு. மொத்தம் இருபத்தொண்ணு. ஏழால வகுத்தா சராசரி மூணு. ஆனா மூணு தடவை பண்ணின நாள் ஒண்ணாவது உண்டா?"

இல்லை.

"அதிக நாள் எது வந்திருக்கு? ஒண்ணு. அதுதான் முகடு. கூட்டவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம். எது அடிக்கடி வருதோ அதைப் பாரு, போதும். எங்க வேணும்னு ஆளைக் கேக்காதே, எங்க நிக்கிறாங்கன்னு எண்ணு."

இவ்வளவு தெளிவாகச் சொல்கிற பெண் எப்படித் தேறாமல் போனாள்?

மார்ச் 8

மாடிக்கு ஒரு தாள் ஒட்டினேன், நூலில் கட்டிய பென்சிலோடு. 'ஏறும்போது இளைப்பாற நிற்பவர் ஒரு கோடு போடவும்.' நாளை முதல் ஏழு நாள்.

மார்ச் 11

ஐந்தாம் மாடிப் பென்சிலைக் காணோம். மூன்றாம் மாடித் தாளில் யாரோ பூனை வரைந்திருக்கிறார்கள், மீசையெல்லாம் வைத்து. மீசையைக் கோடு என்று எண்ணிவிடக் கூடாது. காலை, மதியம், மாலை என்று மூன்று நடை இறங்கிச் சரிபார்க்கிறேன். ஏறும்போது மூச்சைப் பிடித்து நாலு வரை வந்து நின்றுவிடுகிறேன். நின்றால் கோடு போட வேண்டும், போடுகிறேன். சட்டம் எனக்கும் ஒன்றுதானே.

மார்ச் 15, ஞாயிறு

எண்ணி முடித்தேன். ஒன்றில் 6. இரண்டில் 31. மூன்றில் 19 (பூனை நீங்கலாக). நாலில் 38. ஐந்தில் 9. ஆறில் 2. ஏழில் ஒன்றுமில்லை.

நாலு!

கையைத் தட்டிவிட்டேன், தனியாக உட்கார்ந்துகொண்டு.

மார்ச் 16

தாள்களைச் செயலாளரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். "டீச்சரா இருந்தீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல அவசரப்படவில்லை. தச்சர் புதன்கிழமை வருகிறார்.

மார்ச் 17

கடைக்குட்டி எண்களையெல்லாம் ஃபோனில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

"பாட்டி, நாலாவது மாடியில நீ எத்தனை கோடு போட்டே?"

"நின்ன தடவையெல்லாம்."

"அதான், எத்தனை?"

நாளைக்கு மூன்று. ஏழு நாள். இருபத்தொன்று.

"நீ சாதாரணமா ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறுவே?"

ஒரு தடவைதான். மற்ற இரண்டும் தாளைப் பார்ப்பதற்காக ஏறியது. அந்தப் பதினாலை எடுத்துவிட்டால் நாலில் 24. இரண்டில் 31.

"முகடு ரெண்டு, பாட்டி. சராசரியைப் பார்த்திருந்தா கண்டுபிடிச்சே இருக்க முடியாது. முன்னாடியும் மூணே சொச்சம், இப்பவும் மூணே சொச்சம். அது அசையவே இல்ல. முகடு மட்டும் நாலுலேர்ந்து ரெண்டுக்குக் குதிச்சிடுச்சு."

நான் பொய்க் கோடு போடவில்லை. நின்றேன், போட்டேன். அதில் என்ன தப்பு?

தப்பில்லைதான். ஆனால் எண்ணுகிறேன் என்று நானே ஏறி, நானே நின்று, என்னையே எண்ணியிருக்கிறேன்.

இன்னும் ஏழு நாளில் பெரியவன் வந்துவிடுவான்.

மார்ச் 18

தச்சர் வந்தார். நாலாம் மாடியில் பெஞ்சைச் சுவரோடு முடுக்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் ஏறும்போது உட்கார்ந்தேன். வழவழப்பான பலகை, முதுகுக்கு அணைப்பு. நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 19

ஏறி வரும்போது தண்ணீர் கேன்காரர் இரண்டாம் மாடிப் படியில் வெறும் சிமெண்டில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் இரண்டு கேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மேலே பெஞ்ச் போட்டிருக்கே, பார்க்கலையா?"

"பார்த்தேன் பாட்டி. நாலு வரைக்கும் போற தெம்பு இருந்தா பெஞ்ச் எதுக்கு? ரெண்டுலயே மூச்சு வாங்குதே."

பின்னாலேயே மூன்றாம் மாடிப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். உட்கார இடமில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். இவர் எழுந்து இடம் கொடுக்க, அவள் வேண்டாம் என்க, நான் நடுவில் திருதிருவென்று நிற்க — முப்பத்தொரு கோடு யார் யாருடையது என்று நேரிலேயே பார்த்தாகிவிட்டது.

செயலாளர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பதினாலு கோடு கூடுதல், என்னுடையது, கழிக்க வேண்டும், பெஞ்ச் இரண்டுக்குப் போக வேண்டும்.

"ஸ்க்ரூவெல்லாம் முடுக்கியாச்சேம்மா!"

"கழட்டலாம்னுதானேப்பா ஸ்க்ரூ போடுறாங்க."

"நீங்கதானே நாலுல வேணும்னு சொன்னீங்க?"

"எனக்கு வேணும். கணக்குக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மேலே வந்து ஒரு பாட்டம் அழுதேன். இந்த ஜன்னல், இந்த அடுப்பு மேடை, எல்லாம் இனி எத்தனை நாளோ, யார் கண்டது. போறதானா போறேன், போ.

மார்ச் 20

பெட்டியில் நாலு புடவை எடுத்து வைத்தேன். இரண்டைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

மார்ச் 21

பெஞ்ச் இறங்கிவிட்டது.

மார்ச் 22, ஞாயிறு

எனக்கு இரண்டாம் மாடியில் மூச்சே வாங்காது, விறுவிறுவென்று தாண்டிப் போகிறவள். இன்று கேன்காரர் விடவில்லை. "நீங்க கொண்டாந்த பெஞ்ச், நீங்க உக்காராம போனா எப்படி?" என்று வழியை மறித்தார். மரியாதைக்கு உட்கார்ந்தேன். அவர் மகள் எட்டாவது படிக்கிறாளாம், ஓட்டப் பந்தயத்தில் முதல் பரிசாம். கேட்டுக்கொண்டேன். (அன்று மெக்கானிக்கிடம் நான் பெருமை பேசிய மாதிரியேதான். இன்று கேட்கிற இடத்தில் நான்.) பிறகு பேரப்பிள்ளைகளைப் பற்றி யோசித்தபடியே ஏறினேன். ஐந்தாம் மாடி எண்ணைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. நாலில் நிற்கவே இல்லை!

களைத்த பிறகு உட்காருவது வேறு, களைக்கும் முன்னால் உட்காருவது வேறு போல. மூன்று நடை ஏறி இறங்கிய வாரத்தில் முட்டியும் கொஞ்சம் பழகியிருக்கும்.

மார்ச் 23

மறுபடியும் செய்து பார்த்தேன். இரண்டில் உட்கார்ந்தேன், நாலில் நிற்கவில்லை. ஐந்தில் கொஞ்சம். பரவாயில்லை.

மார்ச் 24, செவ்வாய்

பெரியவன் வந்தான். என் சாமான்களை எடுத்துப்போக ஒரு பெரிய காலிப் பெட்டி வேறு. கீழே போய்க் கூட்டி வந்தேன். "நீ முன்னாடி நட, எப்படி ஏறுறேன்னு பார்க்கணும்" என்றான். முன்னால் நடந்தேன். இரண்டாம் மாடிக்கு வந்ததும் பின்னால் காலடிச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்திருக்கிறான், சட்டையில் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. ஒரு நிமிஷம்."

இரண்டு நிமிடம். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பிறகு ஏறினோம். ஐந்தில் நான் நின்றபோது அவன் அதற்கும் முந்தி நின்றிருந்தான், நாலில்.

சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். சாயங்காலம் செருப்பை மாட்டும்போது, "தினம் ஒரு தடவைதான் இறங்கணும், சரியா?" என்றான். காலிப் பெட்டியோடு கிளம்பினான். வாசலில் நின்று கேட்டேன், அவன் இறங்குகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

மார்ச் 27

கடைக்குட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய மாமா நாலில் நின்ற கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். பரீட்சை அடுத்த மாதம் பத்தாம் தேதி.

லிஃப்ட் மெக்கானிக் இன்று ஏதோ அளவெடுக்க வந்தார். அவருக்கு இவள் கதை தெரியாதே என்று பேரப்பிள்ளைகள் பெருமையை முதலில் இவளிடமிருந்துதான் ஆரம்பித்தேன். மற்ற மூவருக்கும் போவதற்குள் அவர் கிளம்பிவிட்டார்.

அதையும் அவளிடம் சொன்னேன். "ரிசல்ட் வரட்டும் பாட்டி" என்றாள்.

"ரிசல்ட்டை யாரு கேட்டா? என்கிட்ட இருக்கிறது ரெட்டைப் பின்னல் போட்ட படம். நீ இப்போ எப்படி இருக்கேன்னு நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா? நல்லதா ஒரு புதுப் படம் எடுத்து, ஃபோன்ல வேண்டாம் — கவர்ல வச்சு, தபால்ல போடு."