மார்கழியில் வந்த பிள்ளை

ஆவூர்
30.12.2024

மதிப்புக்குரிய சம்பந்தி கருப்பையா அவர்களுக்கு,

குழந்தைசாமி எழுதுவது. இங்கு நலம். அங்கும் நலம் என நம்புகிறேன். உங்கள் போன் நம்பர் என்னிடம் இல்லை. மகள் ஷீபாவிடம் கேட்டால் எதற்கு என்பாள். அதனால் கல்யாணப் பத்திரிகையைத் தேடியெடுத்து, அதில் உள்ள விலாசத்துக்கு எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து பேத்தி அன்புமொழி அப்பா அம்மாவோடு உங்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு, எங்கள் வீட்டுக் குடிலில் குழந்தை இயேசு சொரூபத்தைக் காணவில்லை. அதுவும் நேற்றுதான் தெரிந்தது. தீவனத் தொட்டியில் துணி சுற்றி ஏதோ கிடந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என் மனைவி அருளாயி துணியை விலக்கினாள். உள்ளே சுரைக்காய். அதன் முன்னால்தான் இத்தனை நாளும் முழந்தாளிட்டு ஜெபம் சொல்லியிருக்கிறோம்.

பிள்ளைமீது பழி போடவில்லை. ஆனால் புறப்படும்போது அவர்கள் துணிப்பெட்டியை நான்தான் தூக்கினேன். வந்தபோது இருந்ததைவிடக் கனம். முறுக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள். பங்குச் சாமியார் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வருவார். அதற்குள் தேடி அனுப்பினால் உதவியாக இருக்கும். பேத்தியைத் திட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ம. குழந்தைசாமி,
தமிழாசிரியர் (ஓய்வு)


மாவூரணிப்பட்டி,
திருமயம் வழி
3.1.2025

சம்பந்திக்குக் கருப்பையா வணக்கம்.

கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் வீட்டிலிருந்து வந்த முதல் கடுதாசி. தபால்காரர் ராக்கன் நீட்டியபோது யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துவிட்டேன்.

பிள்ளை இங்கேதான் இருக்கிறது. மாட்டுக் கொட்டகையில், செவலைப் பசுவுக்குப் பக்கத்தில், வைக்கோலுக்குள் கண்டெடுத்தேன். அன்புமொழிக்கு நீங்கள் தாத்தா, நான் ஐயா. கேட்டதும் மறைக்காமல் சொன்னாள்: "தாத்தா வீட்ல இருக்கிறது பொம்ம மாடு ஐயா. அது எப்படி மூச்சு விடும்? பாப்பாவுக்குக் குளிரும்ல?" மாடு மூச்சு விட்டுத்தான் அந்தப் பிள்ளைக்குக் கதகதப்பு கொடுத்தது என்று கதை சொன்னது நீங்கள்தானாமே. அவள் இருக்கும்வரை பிள்ளையை அங்கேயே விட்டுவைத்தேன்.

லீவு முடிந்து அவர்கள் கோயம்புத்தூர் வீட்டுக்குக் கிளம்பிய மறுநாள் காலையில் பார்க்கிறேன், வைக்கோலும் இல்லை, பிள்ளையும் இல்லை. செவலை மட்டும் அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. மாட்டு டாக்டர் செந்தமிழனுக்குப் போன் போட்டேன். பசு எதை முழுங்கியது என்று கேட்டார். சாமியை என்றேன். வைத்துவிட்டார்.

கடைசியில் பார்த்தால் பிள்ளை எங்கள் சாமி அலமாரியில் இருக்கிறது. கொசு கடிக்கிறதென்று என் வீட்டுக்காரி சீதை தூக்கி வந்து, குளிப்பாட்டி, பொட்டு வைத்து, பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் படுக்கவைத்திருக்கிறாள். உடனே அனுப்பலாம் என்றால் விடமாட்டேன் என்கிறாள். "மார்கழியில பச்சப்புள்ளய வீட்ட விட்டு அனுப்புவாகளா? தை பொறக்கட்டும்."

நான் சொல்லி அவள் எதையும் கேட்டதில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிப் பாருங்கள்.

கருப்பையா


ஆவூர்
7.1.2025

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பொட்டு வைத்த பகுதியை அருளாயிக்குப் படித்துக் காட்டவில்லை.

நேற்றுச் சாமியார் வந்தார். குடிலில் மூன்று ராஜாக்களும் சுரைக்காய் முன்னால் மண்டியிட்டிருந்தார்கள். துணியை விலக்கமாட்டார் என்று நம்பினேன். விலக்கினார். என்னைப் பார்த்தார். பிறகு மூடிவைத்துவிட்டு, தீர்த்தம் தெளித்துப் போய்விட்டார். மந்திரித்த சுரைக்காயைச் சமைக்கலாமா என்று அருளாயி கேட்கிறாள். படித்தவன் என்று என்னிடம் கேட்கிறாள்.

தை பிறந்ததும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். உங்களை நேரில் கொண்டுவரச் சொல்லமாட்டேன். மகன் கல்யாணத்துக்கே எங்கள் மாதா கோவிலுக்குள் வராமல் வேப்பமரத்தடியில் நின்றவர் நீங்கள்.

இப்படிக்கு,
ம. குழந்தைசாமி,
தமிழாசிரியர் (ஓய்வு)


மாவூரணிப்பட்டி
10.1.2025

சம்பந்திக்கு,

நான் வேப்பமரத்தடியில் நின்றேன், சரி. அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் மண்டபத்தில் எலை போட்ட பிறகும் உட்காராமல் பஸ்ஸைப் பிடிக்கப் போனது யார்? போகட்டும்.

இங்கே என் பாட்டைக் கேளுங்கள். தினமும் சாயங்காலம் அன்புமொழி வீடியோவில் கூப்பிட்டு, "ஐயா, பாப்பா மாட்டுக்கிட்டதான இருக்கு?" என்கிறாள். உடனே அலமாரியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடுகிறேன். அவள் பார்த்து முடித்ததும் திரும்பத் தூக்கிவந்து சீதையிடம் கொடுக்கிறேன். முழங்கால் தாங்கவில்லை.

மாட்டுப் பொங்கலுக்கு அவர்கள் வருகிறார்கள். பேத்தியிடம் என்னால் பேச முடியாது. கதை சொன்னவர் நீங்கள், நீங்களே வந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாரிடமும் கொடுத்தனுப்பமாட்டேன்.

கருப்பையா

அண்ணே, நான் சீதை. மதினியையும் கூட்டிக்கிட்டு வாங்க. இந்தத் தடவ சாப்பிடாமப் போகக்கூடாது.


ஆவூர்
17.1.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். சீதை தங்கச்சி போட்ட சாப்பாடு நேற்றுவரை செரிக்கவில்லை. அருளாயியை ஞாயிற்றுக்கிழமைவரை வைத்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். கோழிகளுக்குத் தீனி நான் போடுகிறேன். ஆனால் அங்கே அவள் சிரித்த மாதிரி இங்கே சிரித்து எத்தனையோ காலமாயிற்று. அதைக் கவனித்தேன்.

செவலைக்கு மாலை போட்ட பிறகு அன்புமொழி தானாகவே பிள்ளையை என் கையில் கொடுத்தாள். நான் வாயே திறக்கவில்லை. "குளிர் போயிருச்சு தாத்தா, கொண்டுபோங்க" என்றாள். அதற்கா இத்தனை கடுதாசி!

பிறகு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தங்கச்சி பழைய வேட்டியில் பிள்ளையைச் சுற்றி, தலையை மூடி, கண்பட்டுவிடும் என்று மையும் வைத்துக் கொடுத்ததல்லவா? புதுக்கோட்டையில் ஆவூர் பஸ்ஸில் நிற்க இடமில்லை. நான் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறியதும் ஒரு பெண் எழுந்து, "புள்ளய வச்சுக்கிட்டு நிக்காதீங்க" என்று இடம் கொடுத்தாள். வயதானவன் என்று இதுவரை யாரும் எனக்கு எழுந்ததில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த அம்மாள் விடவில்லை. ஆணா, பெண்ணா? ஆண் என்றேன். சத்தமே காணோமே? நல்ல பிள்ளை, அழாது என்றேன். துணிக்குள் எட்டிப் பார்க்க வந்தார். தூங்குகிறான் என்று இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

"யாரு சாயல்?" என்றார்.

ஆயுள் முழுக்க வகுப்பில் பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றியவன் நான்.

"அவுக ஐயா சாயல். திருமயத்துப் பக்கம்" என்றேன்.

அன்புடன்,
உங்கள் குழந்தைசாமி