இதில் இல்லாதவை

மார்ச் 4, செவ்வாய்

பெரிய டேப்லெட் இன்று கடைக்கு வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. காய் நறுக்கும் பலகையை விடப் பெரிசு. ஆனால் பின்னால் கேமரா இல்லை. சிம் போட இடமில்லை. இயர்போன் செருக ஓட்டை இல்லை. மெமரி கார்டுக்கு வழியில்லை. விரல் வைத்தால் திறக்காது. யார் வாங்குவார் இதை?

நான்கு போதும் என்று முதலாளியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். நாற்பது எடுத்திருக்கிறார். பதினோரு வருஷமாக எது ஓடும், எது தூங்கும் என்று நான் சொல்லித்தான் சரக்கு எடுப்பார். "வித்துட்டா அடுத்த தடவையிலேருந்து நானே பாத்துக்கறேன்மா" என்றார், சிரித்துக்கொண்டே. அப்புறம் எனக்கு அங்கே என்ன வேலை? பொட்டலம் கட்டவா?

மார்ச் 5, புதன்

ஒரு அட்டையில் "இதில் இல்லாதவை" என்று தலைப்பிட்டு, என் பொடி எழுத்தில் ஐந்தையும் வரிசையாக எழுதி டேப்லெட் பக்கத்தில் வைத்துவிட்டேன். சொல்லாமல் விற்றால் திரும்பி வரும். முதலாளி பார்த்தார், முறைத்தார், எடுக்கச் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் அதே புலம்பல். நான் ஐந்து குறையையும் அடுக்கி முடித்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி: "எழுத்து எவ்ளோ பெரிசா வரும்?"

"அத யாருங்க கேக்கப் போறாங்க?"

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கு எதற்கு இந்தக் கவலை? அது போகட்டும். கொஞ்ச நாளாகவே இவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. என் தோளுக்கு மேலே எங்கோ பார்க்கிறார். என்ன கோபம் என்று தெரியவில்லை. நானாகக் கேட்கவும் போவதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பதினொன்று. ஒரே நாளில் பதினொன்று போய்விட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு.

அட்டையைக் காட்டினேன். வாயாலும் சொன்னேன். ஒரு தையல்காரரிடம் "பின்னாடி கேமரா கெடையாதுங்க" என்றேன். "எனக்கு எதுக்கும்மா பின்னாடி? முன்னாடி பெரிசா தெரியுதுல்ல?" என்று பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 12, புதன்

இருபத்தாறு. இயர்போன் ஓட்டையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒருவர்கூட. இத்தனை வருஷமாக நான் யாருக்காகத்தான் இதையெல்லாம் மனப்பாடம் செய்தேன்?

மார்ச் 17, திங்கள்

விடுமுறை. ஆனாலும் முதலாளி போன் செய்தார். வாங்கியவர்கள் எல்லோருக்கும் நாளை நானே போன் போட்டு, எது இல்லாதது குறையாகத் தெரிகிறது என்று கேட்டு எழுத வேண்டுமாம். "ஒங்க அட்டை ஜெயிக்குதா, என் நாப்பது ஜெயிக்குதான்னு பாத்துடலாம்."

கேட்கிறேன். ஒருவராவது மாட்டாமலா போவார்?

மார்ச் 18, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

கடை மொபைலில் போட்டேன். பட்டியலில் பெயர் கிடையாது, பில்லில் இருந்து எடுத்த நம்பர்கள் மட்டும். பதின்மூன்று பேர் "ஒரு குறையும் இல்லை" என்றார்கள். பதினாலாவது நம்பரை அழுத்தும்போது மணி மூன்றரை.

"ஹலோ, சொல்லுங்க."

அவர் குரல். என் வீட்டுக்காரர்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், அவர் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. மூன்றரை மணிக்கு அவர் வேனில் இருக்க வேண்டும், பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டும்போது அவர் போனைத் தொடவே மாட்டார். இன்று இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் ஒரு மின்விசிறிச் சத்தம், அவ்வளவுதான்.

கையில் இருந்த தாளைப் பார்த்து அப்படியே வாசித்தேன். "நீங்க வாங்கின டேப்லெட்ல ஏதாவது குறை இருக்குங்களா?"

"பின்னாடி கேமரா இல்ல" என்றார். அப்புறம், "நீதானா?"

வைத்துவிட்டேன். கேஷ் கவுண்டர் அக்காவிடம் ஓடினேன். போன வாரம் திங்கட்கிழமை, நான் விடுமுறையில் இருந்த அன்று அவர் வந்து வாங்கியிருக்கிறார். "ஒனக்கு சர்ப்ரைஸா குடுக்கணும், சொல்லிடாதீங்கன்னாரு. இன்னும் குடுக்கலையா?" என்றாள் அக்கா.

வேன் என்ன ஆச்சு? இவர் எங்கே உட்கார்ந்திருக்கார்? என்கிட்ட என்னத்த மறைக்கறார்?

மார்ச் 19, புதன்

எல்லாம் சொல்லிவிட்டார்.

ஆறு மாதமாகப் பார்வையின் நடுவில் மங்கல். ஓரம் மட்டும் தெளிவாகத் தெரிகிறதாம். போன மாதம் இரண்டாவது நிறுத்தத்தில் ஒரு குழந்தை கையைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. இவருக்குத் தெரியவில்லை, தாண்டிப் போயிருக்கிறார். உள்ளே இருந்த ஆயா கத்திய பிறகுதான் பிரேக். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஒரு அடி முன்னாடி நின்னிருந்தா?" என்றார். அதை மூன்று தடவை சொன்னார்.

அன்று சாயந்திரமே சாவியை அவராகவே ஒப்படைத்துவிட்டார். இப்போது வேன் ஷெட் அலுவலகத்தில் மேஜை வேலை. எந்த வண்டி எந்த வழி, எந்தப் பிள்ளை எங்கே இறங்கும் என்று தாள் தாளாகப் பட்டியல், எல்லாம் எறும்பு எழுத்து. படம் பிடித்துப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்று டேப்லெட் வாங்கியிருக்கிறார். போய்ப் பெட்டியைப் பிரித்த பிறகுதான் பின்னால் கேமரா இல்லை என்று தெரிந்ததாம். போனில் படம் எடுத்து அதற்கு அனுப்பி, ஒவ்வொரு தாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

"அட்டை வச்சிருந்தேனே. அதுல மொத வரியே அதானே."

"அட்டையா? வெள்ளையா ஏதோ இருந்துச்சு. வெலைன்னு நெனச்சேன்."

கண்ணு தெரியாதவருக்குப் பொடி எழுத்துல அட்டை வச்சிருக்கேன் நான். அதுல எனக்குப் பெருமை வேற.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவ. அவர் சொல்லிட்டா அது உண்மையாயிடும்ல" என்றார்.

அப்புறம் ஒன்று சொன்னார். "ஒன் தோளுக்கு மேல பாத்தாதான் எனக்கு ஒன் மூஞ்சி தெரியுது."

நான் அதைக் கோபம் என்று நினைத்து நானும் முகம் கொடுக்காமல் இருந்தேன். எத்தனை நாள்.

மார்ச் 22, சனி

கண் மருத்துவர். போனது திரும்பாது. ஊசி போட்டுக்கொண்டே வந்தால் இருப்பதை நிறுத்தி வைக்கப் பார்க்கலாமாம். முதல் ஊசி இன்றே. அவர் பயந்தது தெரிந்தது, என் கையை விடவில்லை. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால்? அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை.

மார்ச் 26, புதன்

நாற்பதும் தீர்ந்தது. மீதிப் பேருக்கும் போன் போட்டுக் கேட்டு முடித்தேன். முதலாளி கணக்குக் கேட்டார். "முப்பத்தொம்பது பேருக்கு ஒரு குறையும் இல்லைங்க. ஒருத்தருக்கு இருக்கு" என்றேன்.

"ஒருத்தர்தானே" என்றார். அடுத்த சரக்கை அவரே தேர்ந்தெடுக்கிறார். ஒருத்தர்தான்.

மார்ச் 29, சனி

பாடம் நடத்துகிறவர்கள் வாங்கும் கேமரா ஒன்று கடையில் ரொம்ப நாளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வளையும் கழுத்து, கீழே தாளை வைத்தால் போதும், திரையில் பெரிசாக வரும். இது ஓடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்து டேப்லெட்டில் செருகினேன்.

"ஏதாவது வை, பாக்கலாம்" என்றார். கைக்கெட்டியது இந்த நோட்டுதான். யோசிக்காமல் விரித்து வைத்துவிட்டேன். திரை முழுக்க என் எழுத்து, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. அவர் தலையைச் சாய்த்து, எழுத்துக்கூட்டி, சத்தமாக வாசித்தார்:

"பள்ளிக்கூட... வேன் ஓட்டுகிறவருக்கு... எதற்கு இந்தக் கவலை."

பிடுங்கக் கை நீட்டினேன். அவர் நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். பக்கம் முடியும் வரை நிறுத்தவில்லை.

"என்ன கோபம்னு என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றார், என் தோளுக்கு மேலே பார்த்து.

"நீங்களும் சொல்லியிருக்கலாம்."

"இனிமே ஒரு பக்கமும் விடாமப் படிச்சிடுவேன், பாத்துக்க."

படிக்கட்டும். இந்தப் பக்கத்தில் பெரிசு பெரிசாக, வரிக்கு மூன்று சொல்தான் எழுதுகிறேன். நோட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும்.