சோயாவில் செய்த சொரிசோ

அம்மாவுக்கு,

இல்லை, தவக்காலம் முடிந்தும் நான் இறைச்சியைத் தொடவில்லை. காணாமல் போன தம்பி எவரார்தோ கிடைக்கும்வரை தொடமாட்டேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்தான்.

இன்று காலை ரொட்டிக்குள் வைக்க, பன்றிக்கறிக்குப் பதில் சோயாவில் காரமான சொரிசோ மசாலாக்கறி செய்தேன். ஊறிய சோயாவைப் பிழிய மறந்ததால் எல்லாம் கஞ்சியாகிவிட்டது. வீட்டுக்கார எலோடியா அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னடி இது, பன்னி தின்கிறதையே பன்னிக்கறின்னு சொல்றியா? தள்ளு. துணியில போட்டுப் பிழியணும்."

பிழிந்து, மிளகாய் விழுது, வினிகர், கிராம்பு சேர்த்து வதக்கினோம். ஒரு வாய் தின்றுவிட்டு, "உன் தம்பி வந்தா வித்தியாசமே தெரியாதுடி" என்றார். நான் இன்னொரு வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

உங்கள் காய்ந்த மிளகாய் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே வாங்குவதில் நம் வீட்டு வாசம் இல்லை. அவனுடைய தெளிவான படம் ஒன்றும் வேண்டும். பேருந்து நிலையச் சுவரில் நான் ஒட்டியிருந்தது மழையில் வெளுத்துவிட்டது.

நேரமாகிறது. அதே வாணலியைக் கழுவி, மிச்சமிருக்கும் அவன் படங்களை ஒட்ட மாவைக் கரைத்துப் பசை காய்ச்சி வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்,
யரேலி