ஒக்தாவி வீட்டோரத்து மணிக்கூண்டு

1923 மார்ச் 6, வொரெல்
மழை. பூட்ஸுக்குள் சேறு. போரில் நொறுங்கிய இவ்வூர்த் தேவாலயத்தைத் திரும்பக் கட்டுவது என் பொறுப்பு. இன்று ஊர்க்கூட்டத்தில் மணிக்கூண்டின் வரைபடத்தை விரித்தேன். முழுக்கக் கான்கிரீட், மேலே போகப் போகச் சல்லடையாய்த் திறந்து வானம் தெரியும். பல வருடமாய் மனதில் கட்டிவைத்தது. பாதிரியார் கண்கலங்கினார். காபிக்கடை ஒக்தாவி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பாரீஸ்காரரே, பழைய கூண்டுல ஏறி நம்ம பட்டாளம் வேவு பார்த்துச்சு. அதான் எதிரி அதைக் குறிவெச்சு அடிச்சான். பக்கத்துல இருந்த எங்க வீட்டு மேல விழுந்துச்சு. எம் புருஷன் உள்ள இருந்தாரு. அதே எடத்துல இன்னும் ஒசரமா கட்டப் போறீங்களா?"

கான்கிரீட் விழாது என்றேன்.

"கல்லுல கட்டினவனும் அதைத்தான் சொல்லியிருப்பான்."

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

மார்ச் 7
கட்டடத்தைப் பற்றி அந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும்.

மார்ச் 19
அவள் கடையில் காபி குடித்தேன். புதிதாய்க் கட்டிய வீடுதான். ஆனால் கூண்டு நின்ற பக்கச் சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை. சமையலறையில் பட்டப்பகலில் விளக்கு எரிகிறது. பாதிக் காபியோடு எழுந்துவந்தேன்.

மார்ச் 21
குட்டையாக்கினால் அது என் கூண்டே இல்லை. உயரத்தைத் தொட மாட்டேன். ஆனால் இடம்? தேவாலயத்தை ஒட்டித்தான் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? — நான்தான்.

ஏப்ரல் 4
வரைபடத்தில் கூண்டைப் பெயர்த்துக் கல்லறைத் தோட்டத்துக்கு அப்பால், கிழங்கு வயலில் வைத்துவிட்டேன். பழைய இடம் வெட்டவெளியாக இருக்கும். தேவாலயத்தின் முகப்பு மொட்டை. பாரீஸில் எல்லாரும் வரைபடத்தில் மெச்சிய முகப்பு, வலிக்கத்தான் செய்கிறது.

ஊர்க்கூட்டத்தில் மேயர் முகம் சுளித்தார். "வயக்காட்டுல கூண்டா? பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான்யா."

"எந்தப் பக்கம் விழுந்தாலும் கிழங்கு மேலதான் விழும்" என்றேன். ஒக்தாவி எழுந்து கடைக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

1925 அக்டோபர் 11
கூண்டு எழும்பிவிட்டது; நாளை அதன் உச்சியில் காற்றின் திசை காட்டும் சேவல் ஏறும். வழக்கப்படி செப்புச் சேவலுக்கு ரிப்பன் கட்டி வீடுவீடாகத் தூக்கிப்போனோம். எல்லாரும் அதைத் தொட்டுவிட்டு எங்களுக்கு ஒரு கிளாஸ் ஒயின் ஊற்றினார்கள். மேயருக்குக் கால் பின்னியது. ஒக்தாவி வீட்டை விட்டுவிடலாம் என்றார் பாதிரியார். கதவு திறந்திருந்தது. கோப்பைகளை ஒதுக்கி மேசையில் சேவலுக்கு இடம் விட்டாள். அதன் முதுகில் கையை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை. நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டேன்.

அக்டோபர் 12
சேவல் ஏறிவிட்டது. கூட்டம் கலைந்ததும் ஒக்தாவி வந்தாள்.

"பழைய கூண்டு நின்ன பக்கத்துச் செவுத்துல ஒரு ஜன்னல் வெக்கணும். வரைஞ்சு குடுங்க."

எவ்வளவு பெரிதாக என்று கேட்டேன்.

"கூண்டு முழுசா தெரியணும்."