கார் கண்ணாடியில் ஒட்டிய ரேடார் பெட்டியும் மாதனூர் சாலை விபத்தும்

அனுப்புநர்
ஹயாத் பாஷா,
கார் ஓட்டுநர்,
மசூதித் தெரு, ஆம்பூர்,
வட ஆற்காடு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
வேலூர்.

பொருள்: மாதனூர் அருகே நடந்த கார் விபத்து – காரில் பொருத்தியிருந்த ரேடார் கண்டுபிடிக்கும் பெட்டி மறைக்கப்பட்டது – காயமடைந்த பெண்ணிடம் வாக்குமூலம் வாங்கப்படாதது – மறு விசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆம்பூரில் உள்ள ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கார் ஓட்டுநராக வேலை பார்த்து வந்தேன். சென்ற வியாழக்கிழமை காலை நான் ஓட்டிய கார் மோதி குர்ஷித் என்ற இளம்பெண் படுகாயமடைந்தார். அதிவேகமாகவும் கவனமின்றியும் ஓட்டியதாக என் மீது வழக்குப் பதிவாகி, தற்போது ஜாமீனில் இருக்கிறேன். வேகமாக ஓட்டியது உண்மை. அதற்குரிய தண்டனையை மறுக்க இம்மனுவை எழுதவில்லை. கார் ஏன் சாலையை விட்டு இறங்கியது என்பது வழக்கில் இல்லை. அதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே எழுதுகிறேன்.

1. எங்கள் கம்பெனி மேனேஜர் திரு. சத்தியநாதன் அவர்கள் ஆறு மாதத்திற்கு முன் வெளிநாடு சென்று திரும்பும்போது, சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை வாங்கி வந்தார். போலீசார் ரேடார் கருவியால் வண்டிகளின் வேகத்தை அளந்தால், அது முன்கூட்டியே விளக்கு எரிந்து கத்தும் என்றார். பெங்களூர் சாலையில் அப்படிப்பட்ட கருவி வரப்போவதாக அப்போது ஊரில் பேச்சு இருந்தது. ஆம்பூரில் மோட்டார் எலக்ட்ரீஷியனாக உள்ள ஷபீ அஹமது என்பவரைக் கூப்பிட்டு, டேஷ்போர்டுக்குக் கீழிருந்து ஒயர் இழுத்து, முன் கண்ணாடியில் அதை ஒட்டச் சொன்னார். "பொட்டி இருக்கிற வரைக்கும் நம்மள எவனும் புடிக்க முடியாது பாஷா. நீ மிதி, மீதிய அது பாத்துக்கும்" என்று என்னிடம் சொன்னார். அடுத்த முறை போகும்போது, போலீஸ் கருவியையே குருடாக்கும் இன்னொரு பெட்டி கொண்டு வருவதாகவும் சொன்னார்.

2. அந்தப் பெட்டி வேலை செய்ததா என்று தாங்கள் கேட்கலாம். பள்ளிகொண்டா அருகே போலீசார் எங்கள் காரை நிறுத்திய நாளில் அது வாயே திறக்கவில்லை. அங்கிருந்த உதவி ஆய்வாளர் கண்ணாடியில் இருந்ததைப் பார்த்து, இன்னா இது என்று விசாரித்தார். மேனேஜர் மழுப்பினார். அந்த அதிகாரி சிரித்துவிட்டு, "சார், எங்கிட்ட இருக்கிறது கைக்கடியாரம். அந்த மைல்கல்லாண்ட ஒருத்தர், இங்க நான். எத்தனை செகண்டுல வர்றீங்கன்னு பாக்கிறோம். இது எதைப் பாத்துக் கத்தும்?" என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்கள் மேனேஜருக்கு உறைத்திருக்குமோ என்று இப்போது நினைக்கிறேன்.

3. அன்று பிடிபட்ட பிறகு மேனேஜருக்குப் பெட்டி மீது சந்தேகம் வரவில்லை. என் மீதுதான் வந்தது. "அது கத்திச்சி, நீதான் கவனிக்கல" என்றார். அதிலிருந்து அவர் பின்சீட்டில் உட்காருவதை விட்டு முன்சீட்டுக்கு வந்தார். பெட்டியோ போலீஸ் இல்லாத இடங்களில் கத்தியது. எதைக் கண்டு கத்துகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கத்தும்போதெல்லாம் பிரேக்கை அழுத்த வேண்டும். ஓய்ந்ததும் மீண்டும் வேகம் கூட்ட வேண்டும். பின்னால் வரும் லாரிக்காரர்கள் ஜன்னலில் தலை நீட்டித் திட்டாத நாள் இல்லை. "சார், இதக் கழட்டிடலாம், பயமா இருக்கு" என்று கேட்டேன். "பயமா இருந்தா மாட்டு வண்டி ஓட்டு" என்று பதில் வந்தது.

4. விபத்து நடந்த காலை, சாம்பிள் தோல்களுடன் சென்னை விமான நிலையத்திற்குப் புறப்பட்டோம். நேரமாகிவிட்டதென்று மேனேஜர் விரட்டிக்கொண்டே வந்தார். மாதனூருக்கு முன்னால் ஒரு பஸ்ஸை முந்திக்கொண்டிருந்தபோது பெட்டி அலறியது. பஸ்ஸைத் தாண்டியதும் தூரத்தில் காக்கிச் சட்டை ஒன்று தெரிந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர் சைக்கிளில் வந்த தபால்காரர். மேனேஜர், "போலீஸ், போலீஸ், ஓரம் கட்டு" என்று கத்தியபடியே என் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். நான் வலப்பக்கம் திருப்பினேன். அவர் விடவில்லை. கார் இடப்புறம் மண்ணில் இறங்கியது.

5. அங்கேதான் குர்ஷித் தன் கம்பெனி வேனுக்காக நின்றிருந்தார். ஷூ மேல்பாகம் தைக்கும் ஆலையில் மெஷினில் தைப்பவர். மோதிய சத்தத்தைவிட, அவருடைய டிபன் கேரியர் உருண்டு போன சத்தம்தான் என் காதில் இன்னும் இருக்கிறது. நானும் பஸ்ஸில் வந்தவர்களும் அவரைத் தூக்கி, அதே பஸ்ஸில் மருத்துவமனைக்கு அனுப்பினோம். நான் திரும்பி வந்து பார்த்தபோது காரின் கண்ணாடியில் பெட்டி இல்லை. மேனேஜர் தன் சூட்கேஸைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

6. சம்பந்தப்பட்ட காவல் நிலையத்தில் மேனேஜருடைய வாக்குமூலம் மட்டும் எழுதப்பட்டது. தான் தூங்கிக்கொண்டிருந்ததாக அவர் கூறியிருக்கிறார். பெட்டியைப் பற்றி நான் சொன்னபோது அங்கிருந்த அதிகாரி, "யோவ், பொட்டி கிட்டின்னு கதை உடாத. வண்டி ஓட்டினது யாரு, நீயா அவரா?" என்றார். அதற்கு மேல் எழுதிக்கொள்ளவில்லை. மறுநாள் மேனேஜர் என் வீட்டுக்கு ஆள் அனுப்பி, குற்றத்தை ஒத்துக்கொண்டால் வழக்கைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றும், பெட்டி என்ற பேச்சை எடுத்தால் இந்த ஊரில் எந்தத் தோல் கம்பெனியிலும் எனக்கு வண்டி கிடைக்காது என்றும் சொல்லச் சொன்னார். என் மனைவி சைரா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஆள் போனதும், "ஒத்துக்கிட்டீங்கன்னா நாளைக்கு நம்ம புள்ளைங்களே நம்பிடும், நீங்கதான் அந்தப் பொண்ணு மேல ஏத்தினீங்கன்னு" என்றாள். இம்மனுவை எழுதும் தைரியம் எனக்கு அப்போதுதான் வந்தது.

7. நேற்று குர்ஷித்தைப் பார்க்க வேலூர் மருத்துவமனைக்குப் போனேன். அவருடைய தாயார் ஹலீமா பீ என்னைக் கண்டதும் எழுந்து, "எந்த மூஞ்சிய வச்சிக்கினு வந்த?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். திரும்பிப் போக நினைத்தபோது கட்டிலிலிருந்து குர்ஷித், "அம்மா, சும்மா இரு. பாய், இங்க வாங்க" என்று கூப்பிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"வேன் வருதான்னு ரோட்டயே பாத்துனு இருந்தேன். உங்க கார் நேரா வந்துச்சி. நீங்க ரெண்டு கையாலயும் அந்தாண்ட திருப்பினீங்க. பக்கத்துல இருந்தவரு கை குறுக்க வந்து இழுத்துச்சி. அவரு மோதிரம்கூட வெயில்ல மின்னிச்சி. இத யாரும் என்னை இன்னும் கேக்கவே இல்ல பாய்."

பிறகு, "மெஷின் மிதிக்க ஒரு கால் போதுமா?" என்று கேட்டார். சனிக்கிழமை அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கப் போவதாக டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஹலீமா பீ முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார்.

ஐயா, கார் இப்போது காவல் நிலைய வளாகத்தில் நிற்கிறது. பெட்டி இல்லாவிட்டாலும் அதற்கு இழுத்த ஒயர் டேஷ்போர்டுக்குக் கீழே தொங்குகிறது; ஒட்டிய பசையின் தடம் கண்ணாடியில் இருக்கிறது. பழுது பார்க்க வேண்டும் என்று கூறி, காரை நாளையே விடுவிக்கக் கம்பெனி மனு போட்டிருக்கிறது. கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டால் ஒயரும் போய்விடும், தடமும் போய்விடும். ஒயர் இழுத்த ஷபீ அஹமது உண்மையைச் சொல்லத் தயாராக இருக்கிறார். ஆனால் அவரையும் யாரும் கூப்பிடவில்லை.

ஆகவே காரை விடுவிக்காமல் தகுந்த அதிகாரியைக் கொண்டு சோதனையிடவும், பெட்டியைக் கைப்பற்றவும், குர்ஷித்தின் வாக்குமூலத்தை அறுவை சிகிச்சைக்கு முன்பே பதிவு செய்யவும் உத்தரவிட வேண்டுகிறேன். அத்துடன், கைப்பற்றிய பெட்டியை ஒரு காரில் பொருத்தி, போலீசார் முன்னிலையில் இதே சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இதுபோன்ற பெட்டிகளை வெளிநாடு போகிறவர்களிடம் சொல்லி வைத்து வாங்க ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் பலர் காத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கினோம் என்ற நம்பிக்கையில் அவர்களும் ஓட்டுநர்களை விரட்டுவார்கள். அது எதைக் காட்டிக்கொடுக்கிறது, எதைக் காட்டிக்கொடுப்பதில்லை என்பதை அரசாங்கமே வெளிப்படையாகச் சொன்னால் ஓரமாக நிற்பவர்கள் பிழைப்பார்கள்.

என்மீது வரும் விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் வருவேன். தங்கள் உத்தரவு நாளைக்குள் கிடைக்க வேண்டுமென்பதால், இம்மனுவைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுவந்து தங்கள் அலுவலக வாசலில் காத்திருக்கிறேன்.

இடம்: வேலூர்
நாள்: 10-9-1987

தங்கள் உண்மையுள்ள,
ஹயாத் பாஷா

மேலே எழுதியிருப்பதை இன்று காலை எனக்குப் படித்துக் காட்டினார்கள். என்னைப் பற்றியும் நான் கண்டதைப் பற்றியும் எழுதியிருப்பது சரி. மற்றது எனக்குத் தெரியாது. நல்ல நினைவோடு இருக்கிறேன். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் யாராவது வந்து கேட்டால் என் வாயாலேயே சொல்கிறேன்.

குர்ஷித்,
பெண்கள் அறுவை சிகிச்சைப் பிரிவு