எண்ணெய் படாத தலை

மார்கழி 27, சனி

எனக்கு இடது கண்ணில் கற்றறக் புரை வெட்டிய வருடம். மகள் வசந்தி காரை மாற்றிய வருடம். முன்வீட்டுச் சீனர் மேப்பிள் மரத்தைத் தறித்ததும் இதே வருடம்தான். எழுத்துத் தெரியாதவனுக்கு வருடம் இப்படித்தான் நிற்கும். இதையும் நான் எழுதவில்லை. போனிடம் சொல்கிறேன், அது எழுதுகிறது.

வெளியே கண்ணாடிபோல் பனி. உள்ளே ஹீற்றர், சுவர் ஓட்டையால் சுடுகாற்று. முழங்காலைச் சொறிந்தால் மா கொட்டுகிறது. உடுத்த கறுப்புச் சாரம் வெள்ளை. தலைமயிர் வைக்கோல். வலது குதிக்காலில் வெடிப்பு, ஓர் அரிசி நீளம். கொஞ்சம் இரத்தம்.

வசந்தி: "அப்பா, உந்தக் காலை ஒருக்கா காட்டுங்கோ."

காட்டவில்லை.

மார்கழி 29, திங்கள்

டொக்டரிடம். தமிழ்ப் பிள்ளை. காலைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது: என்னைப்போல் சீனி வருத்தக்காரனின் வெடிப்பு ஆறாவிட்டால் புண். புண்ணுக்குள் கிருமி. பிறகு விரல், பிறகு பாதம்.

"அங்கிள், ரெண்டு கிழமைக்குள்ள இது மூடவேணும். கிறீம் பூசாட்டி நான் பொறுப்பில்லை."

சொன்னவை, மறவாதபடி:

குளிப்பு பத்து நிமிடம். கொதிதண்ணீர் ஆகாது.

மணச் சவுக்காரம் வேண்டாம்.

துவாயால் ஒற்றி, ஈரம் காயமுன் கிறீம். விரல் இடுக்கில் மட்டும் கூடாது.

வெடிப்புக்குத் தடித்த ஒயின்மென்ற், மேலே பருத்திக் காலுறை.

தலை கிழமைக்கு இரண்டு முறை கழுவினால் காணும். கழுவ முந்தி எண்ணெய்.

அறையில் நீராவி மெசின்.

மற்றதெல்லாம் செய்யலாம். எண்ணெயும் கிறீமும் முடியாது.

திரும்பும்போது காரில் வசந்தி: "கிறீம் எண்ணெய் இல்லையப்பா."

"நெய்ப்பு இருக்கோ இல்லையோ?"

"இருக்கு."

"அப்ப எண்ணெய்தான்."

"கால் போனா என்ன செய்வியள்?"

"நடக்கமாட்டன்."

வீடு வரும்வரை ரேடியோவைச் சத்தமாகப் போட்டாள்.

மார்கழி 30, செவ்வாய்

காரணம். வசந்திக்குப் பாதி தெரியும்.

சண்டைக் காலம். பாதை பூட்டு. கடனீரேரியைப் படகில்தான் கடக்கவேண்டும். அன்று நான் போகவேண்டிய பயணம். எனக்குக் காய்ச்சல், தம்பி இராசன் போனான். படகில் ஏழு பேர். நடு நீரில் துப்பாக்கிச் சூடு. திரும்பியவர் மூன்று. தம்பி அதில் இல்லை. உடலும் இல்லை.

எங்களில், இழவு வீட்டுக்காரர் முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை எண்ணெய் தொடமாட்டார்கள். அம்மா சொன்னார், "பிரேதம் காணாமல் என்ர பிள்ளைக்கு அந்தியேட்டி செய்ய விடமாட்டன்." ஆகவே தம்பிக்கு முப்பத்தொன்று வரவேயில்லை. அம்மா எண்ணெய் தொடாமலே செத்தார். நானும் தொடவில்லை.

"சித்தப்பா உயிரோட எண்டால் ஏன் எண்ணெயை விட்டனியள்?" வசந்தி முன்பு ஒருமுறை கேட்டாள்.

இங்கு வந்து இருபது வருடம் உணவகக் குசினியில் கோப்பை கழுவினேன். நாள் முழுக்க நீராவி. தோல் வெடிக்கவில்லை. வீட்டில் இருக்கத் தொடங்கியபின்தான் இந்தக் குளிர் என்னைக் கண்டுபிடித்தது.

தை 1, வியாழன்

ஆங்கில வருடப் பிறப்பு. வசந்தி நீராவி மெசின் வாங்கி வைத்தாள். பின்னேரம் ஐந்துக்கே வெளிச்சம் போய்விட்டது. மெசினைச் சுற்றி மூடுபனி. அதற்குள் தம்பி. குந்தியிருக்கிறான். போன வயதிலேயே நிற்கிறான். மயிர் நனைந்து மினுங்குகிறது.

என் குதிக்காலைப் பார்த்தான்.

மெசினை நிறுத்தினேன். இல்லை.

மறுபடி போட்டேன்.

தை 3, சனி

வெடிப்பு இரண்டு அரிசி. சுற்றிச் சிவப்பு. தொட்டால் சூடு. வசந்தி குசினிக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கேட்கிறது. தாயில்லாத பிள்ளை. நான் படுத்துவிட்டால் வேலையை விடவேண்டியவள் அவள்தான்.

படகில் போய்த் திரும்பியவர்களில் ஒருத்தி இதே நகரில், அஜின்கோர்ட்டில் இருக்கிறாள். அப்போது பதினெட்டு வயது. இங்கே செத்தவீடுகளில் கண்டால் தலை குனிவாள். நானும் சப்பாத்துத் தேடுவதுபோல் திரும்பிவிடுவேன். பதினைந்து வருடமாக இப்படி. கேட்டால் பதில் வரும் என்ற பயம். அவள் பெயரை எங்கள் வீட்டில் சொல்வதில்லை. அம்மாவின் சொல்.

வசந்தியிடம் அவள் நம்பரைத் தேடச் சொன்னேன்.

தை 4, ஞாயிறு

போனில் பேசமாட்டேன் என்று அவளே வந்தாள். தலை நரைத்துவிட்டது. வசந்தி தேத்தண்ணீர் வைத்தாள்.

"அண்ணை, உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ இவ்வளவு காலமும் நினைச்சன்."

"என்ன தெரியும்?"

"ராசண்ணையை நான்தான் பிடிச்சிருந்தன். ஒரு கையால கவிண்ட படகு, மற்றக் கையால அவர். வயித்தில காயம். விடிய முந்தியே மூச்சு நிண்டிட்டுது. அதுக்குப் பிறகும் பிடிச்சிருந்தன். கை விறைச்சுப்போச்சு. விட்டிட்டன்."

"ஏன் சொல்லயில்லை?"

"சொன்னனான். மூண்டாம் நாளே உங்கட அம்மாட்டச் சொன்னனான். 'உதை என்னோட விட்டிடு பிள்ளை, பெரியவன் தாங்கமாட்டான், தனக்குப் பதிலாப் போனவன் எண்டு செத்துப்போவான்' எண்டா. என்னட்டைச் சத்தியமும் வாங்கினவா. சாகமுந்தி உங்களுக்குச் சொல்லியிருப்பா எண்டு நினைச்சன்."

அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான், தம்பி வருவான் என்பதுபோல் வாசலைப் பார்த்தபடி இருந்தார், எனக்காக. கோபம் வரவில்லை. வந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"அப்ப இழவுத் துடக்கு இண்டையிலயிருந்து," என்றேன். "முப்பத்தொரு நாள் எண்ணவேணும்."

வசந்தி எழும்பினாள். "கால் அவ்வளவு நாளைக்கு நிக்காதப்பா."

வந்தவள் வசந்தியை இருக்கச் சொன்னாள். "நான் எப்பவோ எண்ணி முடிச்சிட்டன் அண்ணை. முப்பத்தொண்டாம் நாள் கரைக்குப் போனனான். ஐயர் இல்லை. ஒரு பிடி சோறு, எள்ளு, அவற்ர பேர். தண்ணியில விட்டிட்டு வந்து தலைக்கு எண்ணெய் வைச்சனான்."

"பொம்பிளைப் பிள்ளை செய்தது செல்லுமோ?"

"செல்லாட்டி அவர் வந்து கேக்கட்டும்."

வசந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். பிறகுதான் அழுதேன்.

மெசின் ஓடிக்கொண்டிருந்தது. வெறும் நீராவி.

தை 5, திங்கள்

குளிர் இறங்கியிருக்கிறது. குளித்து, ஒற்றி, ஈரத்தோடு கிறீம். வெடிப்புக்கு ஒயின்மென்ற். பல்லைக் கடித்தேன், அவ்வளவு எரிவு. வசந்தி காலுறை மாட்டினாள். சிவப்பு அப்படியே இருக்கிறது. கால் மிஞ்சுமோ தெரியாது. நாளை டொக்டர்.

தலைக்கு நல்லெண்ணெய். கை வைக்கமுன் படகில் போனவர்களைச் சொன்னேன். சத்தமாக, ஒவ்வொருவராக.

ஓட்டி சூசை, சூடு பட்டு, படகின் முன் அணியத்திலேயே.

சின்னையாவும் பெண்சாதி மங்கையும், நீரில்.

கந்தையர் திரும்பி வந்தவர், நெஞ்சுவலி, ஊரில்.

பரமேசு ரீச்சர் திரும்பி வந்தவர், புற்றுநோய், லண்டனில்.

இராசன், என் தம்பி. செத்துப்போனான். இப்படி வாயால் சொல்வது இதுதான் முதல் தடவை.

உயிரோடு மிஞ்சியது ஒருத்தி. தவமலர்.