விடை தெரிந்த கேள்விகள்

அண்ணனூர்
14 ஜூன் 2024

மச்சானுக்கு, ஸலாம்.

பிப்ரவரியில் நம் ஹனாவின் வாயில் டேப் ஒட்டியது அவளுடைய எல்.கே.ஜி. மிஸ். அதற்குப் பிறகும் அவளைப் பேசவிடாமல் வைத்திருப்பது நீங்கள்.

நேற்று சாதுல்லா மாமா வந்ததும் அவளை நடுவீட்டில் நிறுத்தி, "ஒன் டூ த்ரீ சொல்லும்மா, மாமா கேக்கட்டும்" என்றீர்கள். பீரோவுக்குப் பின்னால் ஒளிந்தவள் மாமா கிளம்பும்வரை வரவில்லை. நான் தட்டிக் கேட்டேன், நீங்கள் கத்தினீர்கள், அவள் காதைப் பொத்திக்கொண்டாள். இனி நம் சண்டையெல்லாம் காகிதத்தில். அரிசி டப்பா மூடிக்கடியில் வைக்கிறேன். பதிலையும் அங்கேயே வையுங்கள்.

ஒரு வருடம் வீட்டிலேயே படிக்கட்டும் என்று முடிவெடுத்தது இருவரும்தான். நான் மருந்துக்கடையிலிருந்து இரண்டு மணிக்குத்தான் வருகிறேன். காலை உங்களுடையது. அவளாக எழட்டும். பயறு ஊற வைத்துவிட்டுப் போவேன். தண்ணீர் வடித்துத் துணியில் கட்டுவது அவள் வேலை. பிறகு ஜன்னலில் நின்று ஷெட்டுக்குப் போகும் ரயில்களைப் பார்க்கட்டும், படம் வரையட்டும். நீங்கள் பக்கத்தில் படுத்திருந்தால் போதும். கதையும் எழுத்தும் மாலையில் என் பொறுப்பு.

விதி ஒன்றுதான்: விடை தெரிந்த கேள்வியை அவளிடம் கேட்காதீர்கள். "இது இன்னா கலரு?" ஏன், உங்களுக்குத் தெரியாதா?

இஃபத்

*

20 ஜூன்

இஃபத்,

இந்தத் திட்டம் போட்டவள் நைட் ஷிப்ட் பார்த்தவள் இல்லை. திருமழிசையில் இரவெல்லாம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவனுக்குப் பயறைப் பார்க்கக் கண் திறக்காது. கம்பெனி பஸ்ஸில் கிருபாகரன் கேட்கிறான்: "இன்னா மாமே, ஊட்லயே கான்வென்ட் தொறந்துட்டியாமே? பிரின்சிபால் யாரு, நீயா?" பஸ்ஸே சிரித்தது. இதெல்லாம் பிளாட்டில் இருக்கிறவர்கள் செய்கிற வேலை.

ஆனாலும் நீ சொன்னபடி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இன்று தூங்கி எழுந்ததும் என் ஐ.டி. கார்டைக் காணோம். அது இல்லாமல் கேட்டில் விடமாட்டார்கள். எல்லா இடமும் தேடிவிட்டு, "எங்கதான் போச்சு, ஹனா?" என்றேன்.

"பாய்க்குக் கீழ கீது அத்தா. நீ அது மேலயே தூங்குன."

பிப்ரவரிக்குப் பிறகு இன்றுதான் வாயைத் திறந்து பேசினாள். கார்டை எடுத்துக் கையில் கொடுத்து, "பாத்துத் தூங்கு" என்று வேறு சொன்னாள்.

பேசிவிட்டாள், இனி எதற்கு வீட்டில்? பருத்திப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் யு.கே.ஜி.க்குப் பெயர் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை இன்டர்வியூ.

வசீம்

*

21 ஜூன்

மச்சானுக்கு,

அடுப்படியில் நின்றே படித்தேன். அழுதேன். "பாத்துத் தூங்கு" என்ற இடத்தில் சிரிப்பும் வந்தது.

உங்களுக்கு நிஜமாகவே தெரியவில்லை, அதனால் சொன்னாள். இன்டர்வியூவில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லா விடையும் தெரியும். நான்கு வயதுப் பிள்ளையை நாற்காலியில் ஏற்றி வைத்துச் சலித்தெடுக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். கிருபாகரன் சிரித்தால் சிரிக்கட்டும். நம் திட்டம் வேலை செய்கிறது மச்சான். எனக்குக் கிடைக்காத பேச்சு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

பள்ளியே கூடாது என்று நான் சொல்லவில்லை. "போறியா?" என்று அவளைக் கேளுங்கள். அதற்கு விடை உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எதைச் சொன்னாலும் ஒப்புக்கொள்கிறேன். சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள்.

இஃபத்

*

24 ஜூன், திங்கள் மதியம்

மச்சான்,

டப்பா மூடிக்கடியில் என் கடிதம் மடித்தபடியே இருக்கிறது; படித்துவிட்டு வைத்தீர்களா, தெரியவில்லை. பதில் இல்லை. ஹனாவின் ஸ்கூல் ஷூவும் இல்லை. உங்கள் போன் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை.

பயறு இன்னும் தண்ணீரில் கிடக்கிறது. நான் தொடவில்லை, அது அவள் வேலை. நாளைக் காலையும் அதே திட்டம்தான்; எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

வந்ததும் நீங்கள் காரணம் எதுவும் எழுத வேண்டாம். இதை மட்டும் எழுதுங்கள்.

அவளைக் கேட்டீர்களா?

இஃபத்